சக்தி கூடினால் நல்லது என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மேல் பாதியில் லூபஸ் பற்றி ஒரு கட்டுரை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். அதற்கு நேர் கீழே கால் பக்க விளம்பரம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாவாம், ஒரு டின் வாங்கினால் இன்னொரு டின் பாதி விலையாம். கட்டுரையைப் படித்துப் பயந்து போகிறவர் அடுத்த நிமிடம் எந்த நம்பருக்குப் போன் அடிப்பார் என்று உங்கள் ஆபீஸில் யாராவது யோசித்தார்களா? எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அப்படி ஒரு நம்பருக்குப் போன் அடித்தவன் நான்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேர்ந்த காலத்தில் ரப்பர், விட்டு வரும்போது முழுக்கச் செம்பனை. டாக்டர் இல்லை, படித்தது ஐந்தாம் பாரம் வரைக்கும்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மகளோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர்களிடமும் நர்ஸ் மிஸ்ஸிகளிடமும் மருந்துக் கவுண்டரிலும் கேள்வி கேட்டே அவர்கள் உயிரை வாங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2012-இல் மகளுக்குப் பத்தொன்பது வயது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, துணி பிழிய முடியாது, பத்து மணி ஆனால் சரியாகிவிடும். இந்த வயதில் என்ன மூட்டு வலி, போனைப் பிடித்துப் பிடித்து வந்தது என்று திட்டினேன். முடி கொட்டியது, ஷாம்பு மாற்றினோம். அப்புறம் இரண்டு கன்னத்திலும் மூக்கு மேலும் சிவப்பாகத் தடித்தது, பட்டாம்பூச்சி இறக்கையை விரித்து உட்கார்ந்த மாதிரி. ஒரு தனியார் கிளினிக்கில் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்கள். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் களிம்புதான். அவர்களை மட்டும் என்ன சொல்வது, எங்களுக்கே அது வெயில் பட்ட சிவப்பு மாதிரிதான் தெரிந்தது.

கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு நாள் காலையில் கக்கூஸிலிருந்து வந்து, “ஏங்க, பாப்பா போய்ட்டு வந்தா தே தாரிக் மாதிரி நுரை நிக்குது, தண்ணி ஊத்தினாலும் போவ மாட்டேங்குது” என்றாள். அதற்குள் கணுக்காலும் வீங்கியிருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அரசாங்க கிளினிக்கில் ஒரு சின்னப் பட்டையைச் சிறுநீரில் முக்கிப் பார்த்தார்கள், நிறம் மாறியது, புரதம் போகிறது என்று அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருஷமாக நாங்கள் அலைந்ததற்கு அந்தப் பட்டைக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது முகச் சிவப்பும் மூட்டு வலியும் சேர்ந்து இருந்தால், வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் சிறுநீர்ச் சோதனையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்எல்இ என்றார்கள். ஆஸ்பத்திரியில் லூபஸ் என்று யாரும் அதிகம் சொல்வதில்லை, எஸ்எல்இதான். பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். ஹார்மோனும் எக்ஸ் குரோமோசோமும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். என் சொந்தத்தில் ஒருவர் மட்டும் “தாய் வழியில ஏதோ இருக்கு” என்று என் மனைவியைப் பார்த்தே சொன்னார். பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே அச்சில் இருக்கும் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு எஸ்எல்இ வந்தால் மற்றதற்குக் கட்டாயம் வரும் என்பது இல்லை. அப்படி இருக்கும்போது எந்தத் தாயைக் கூண்டில் ஏற்றுவது?

உங்கள் கட்டுரைக்கு “வேலியே பயிரை மேயும் நோய்” என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். இதில் எனக்கு ஒரு சின்னச் சண்டை. பயிரை மேய்கிற வேலிக்குப் பயிர் என்று தெரியும், தெரிந்தேதான் மேய்கிறது. அந்தப் பழமொழியை நாம் திருட்டு அதிகாரிக்குத்தானே சொல்கிறோம். இந்த நோயில் இருப்பது திருட்டு இல்லை, சந்தேகம். காவலாளிக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

என் அம்மா சொல்வார். 1948-இல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்களைச் சுட்டுக் கொன்றதும் அவசரகாலம் வந்துவிட்டது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு காவல். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களை நிறுத்தி, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டு போகிறார்களா என்று சோதிப்பார்களாம். அம்மா அப்போது சின்னப் பெண், பாட்டியோடு மரத்துக்குப் போவார். “எங்களக் காப்பாத்த வந்தவன் தினமும் எங்க சோத்துச் சட்டியத்தான் கிளறினான்” என்பார். அவன் கெட்டவன் இல்லை. வேலிக்கு வெளியே உண்மையாகவே ஆபத்து இருந்தது. பிடிக்க வேண்டியவனும் பால் வாளி தூக்குகிறவளும் அவன் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தார்கள், அவ்வளவுதான். மகளின் நோயை டாக்டர் விளக்கியபோது எனக்கு உடனே அந்தச் சோற்றுச் சட்டிதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் எதிர்ப்பு அணுக்களைச் செய்யும்போது கண்டபடி கலைத்துப் போட்டு, கோடிக்கணக்கான தினுசுகளில் செய்கிறது, ஏதாவது ஒன்று பொருந்தட்டும் என்று. கண்டபடி செய்தால் என்ன ஆகும்? சில அணுக்கள் நம் சொந்த உடம்புக்கே பொருந்திவிடும். அதை வடிகட்ட நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. எதிர்ப்பு அணுக்களில் டி செல்கள் என்ற வகை அங்கேதான் தேறி வர வேண்டும். எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிறுத்துவது. சொந்த உடம்பின் துணுக்குகளைக் காட்டும்போது பாய்ந்து பிடிக்கிற அணுவை அங்கேயே சாகடித்துவிடுவார்கள். எதற்கும் அசையாததும் செத்துப்போகும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேறுவதில்லை. இவ்வளவு கெடுபிடியாகப் பேர் அடித்தும் ஒன்றிரண்டு தப்பி வெளியே வந்துவிடும். முப்பது வருஷம் செக்ரோல், அதாவது ஆள் கணக்குப் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன், தப்பாத செக்ரோல் உலகத்தில் கிடையாது.

தப்பி வந்ததை அடக்குவதற்கென்று தனியாகச் சில டி செல்கள் உண்டு. சண்டை போதும், அடங்கு என்று சொல்லும் மேஸ்திரிகள். அப்படி ஒரு வகை இருக்கிறது என்று 1995-இல் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. அதற்குப் பின்னால் இருக்கும் ஜீனைக் கண்டுபிடித்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் என்ற இரண்டு அமெரிக்கர்களோடு சேர்த்து அவருக்கு 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அப்பா, சக்தியக் கூட்டினவங்களுக்கு இல்ல, அடக்கறதக் கண்டுபிடிச்சவங்களுக்குப் பரிசு” என்று எழுதியிருந்தாள். வீட்டில் நான் பட்ட அவமானங்களில் அது சின்னது.

எஸ்எல்இயில் நடப்பது இன்னும் கொஞ்சம் விசித்திரம். உடம்பில் தினமும் அணுக்கள் சாகும், அது இயற்கை. செத்ததை உடனுக்குடன் கூட்டிப் பெருக்க வேண்டும். கூட்டுவதில் தாமதம் ஆனால் அணுவுக்குள் மறைந்திருந்த டிஎன்ஏ வெளியே வந்துவிடும். காவலாளி அதைப் பார்த்து இது என்ன புதுசு என்று அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற, போய் ஒட்டிப் பிடிக்கும் புரதத்தைச் செய்கிறான். ஆன்டிபாடியும் டிஎன்ஏயும் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக ரத்தத்தில் சுற்றி, போகிற இடமெல்லாம் படிகிறது. சிறுநீரகத்தில் ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் வாக்கில் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றனவாம், அந்த வடிகட்டியில் போய்ப் படிந்து அழற்சி உண்டாக்கி ஓட்டை போட்டுவிடுகிறது. புரதம் ஒழுகுகிறது. நுரை அதுதான். வெயில் பட்டால் மோசமாவதற்கும் காரணம் இதோடு ஒட்டியது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் அணுக்களைச் சாகடிக்கிறது, சாகச் சாக உள்ளே இருந்தது வெளியே வருகிறது, காவலாளிக்கு வேலை கூடுகிறது.

என் மகள் முழுக்கைச் சட்டை போட்டுக் குடை பிடித்துக்கொண்டு பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனால், அந்திநேரத்தில் குடை எதற்கு, நிறம் போய்விடும் என்று பயமா என்று கேலி பேசுகிற அக்காமார்களுக்காக இதை எழுதினேன். சரி, அது போகட்டும்.

1948 என்று மேலே சொன்னேன் அல்லவா. எங்கள் ஊர் துப்பாக்கிச் சத்தத்தால் பேர் வாங்கிய அதே ஆண்டில்தான், அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் லூபஸ்காரர்களின் எலும்பு மஜ்ஜையில் ஒரு வெள்ளை அணு இன்னொரு அணுவின் கருவை அப்படியே விழுங்கிக் கிடப்பதைப் பார்த்து எழுதினார்கள். அதே கிளினிக்கில் அதே ஆண்டு ஃபிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட, அவர் சில நாளில் எழுந்து நடந்தார். இரண்டு வருஷத்தில் நோபல் பரிசு. எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. அதற்கு ஐம்பது வருஷம் முன்னால் பால் எர்லிக் என்ற பெரிய விஞ்ஞானி, உடம்பு தனக்கே விஷம் செய்துகொள்ளாது, அதற்கு அப்படி ஒரு பயம் உண்டு என்று சொல்லி வைத்திருந்தார். 1904-இலேயே வியன்னாவில் இரண்டு பேர், சொந்த ரத்த அணுக்களையே உடைக்கும் ஆன்டிபாடியைக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் பெரியவர் சொன்னால் சொன்னதுதானே, ரொம்பப் பேர் கண்டுகொள்ளவில்லை. 1956-இல் முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே ஊசி போட்டு அதன் தைராய்டு வீங்கி அழிவதைக் காட்டிய பிறகுதான் தலையாட்டினார்கள்.

மகளுக்குக் கொடுத்தது முக்கியமாக இரண்டு மாத்திரை. ஒன்று பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பிவிடும், பசி தாங்காது, தூக்கம் வராது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், கண்ணாடிக்கு எதிரே துணி தொங்கவிட்டு வைத்திருந்தாள். இன்னொன்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மருந்து கொடுத்தவர், இது மலேரியாவுக்காகச் செய்த மருந்து, இதற்கும் கேட்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “கொய்னாவா? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எங்கள வரிசையில நிறுத்தி ஊத்துவாரே, அதுவா? அது நாக்குல பட்டா மூணு நாளைக்கு எதுவும் ருசிக்காதே!” என்றார். அதுவே இல்லைதான், கொய்னா என்கிற குயினைனுக்கு மாற்றாகத் தேடிச் செய்த வரிசையில் வந்தது. ஆனால் 1894-இலேயே லண்டனில் ஒரு மருத்துவர் லூபஸ் புண்ணுக்குக் கொய்னா கொடுத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் மலேரியா மாத்திரை தின்ற சிப்பாய்களுக்குத் தோல் தடிப்பும் மூட்டு வலியும் குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். தோட்டத்து ஜனங்களை மலேரியாவிலிருந்து பிழைக்க வைத்த மருந்தின் பங்காளி, மூன்றாம் தலைமுறையில் என் வீட்டுக்கு வேறு வேலைக்கு வந்திருக்கிறது. கண்ணின் விழித்திரையைக் கெடுக்கலாம் என்பதால் கண் பரிசோதனை மட்டும் தவறக்கூடாது.

2020-இல் கோவிட்டுக்கு இது கேட்கும் என்று யாரோ கிளப்பிவிட, உலகத்தில் பல இடங்களில் கண்டவர்களும் இதை வாங்கிக் குவித்து லூபஸ் நோயாளிகளுக்கு மாத்திரை கிடைக்காமல் போனது தனிக் கதை. கோவிட்டுக்கும் அது கேட்கவில்லை.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். 2014. மாத்திரையால் மகள் ஓரளவு தேறி, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள், முகம்தான் இன்னும் உப்பல். மச்சான் முறையுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்தார், காரில் நிறைய டின். நேரடி விற்பனை. “மாமா, இது எதிர்ப்பு சக்தி குறைஞ்சதால வர்ற நோய், அவங்க குடுக்கிற ஸ்டீராய்டு இன்னும் குறைக்குது, இத மூணு மாசம் குடுங்க, எல்லாத்தையும் நிறுத்திடலாம்” என்றார். மாவு ஒன்று, அல்ஃபால்ஃபா மாத்திரை ஒன்று. அறுநூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்). அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணருக்கு நாங்கள் கட்டுவது ஐந்து வெள்ளி. ஐந்து வெள்ளியில் கிடைப்பது எப்படி நல்லதாக இருக்கும் என்று ஒரு புத்தி நம் எல்லோருக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, இல்லையென்று சொல்லாதீர்கள். மகள் வேண்டாம் என்றாள். நான்தான் வற்புறுத்தினேன். இரண்டு மாத்திரையும் ஒரே நாளில் நிறுத்தினோம்.

நாலாவது நாள் வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. போன் அடித்தேன். “கழிவு வெளியேறுது மாமா, நல்ல அறிகுறி” என்றார். பிறகுதான் தெரிந்தது, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும் வரைக்கும் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தி வைத்திருக்கும், திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. குறைப்பதென்றால் டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூன்றாவது வாரம் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இருபத்து நாலு நாள் வார்டில் கிடந்தாள். சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்து, லூபஸ் சிறுநீரகப் பாதிப்பில் நாலாம் வகை, கடுமையானது என்றார்கள். மாதம் ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு டிரிப் ஏற்றினார்கள், புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்துதான் அது. வார்டு டாக்டர் என்னைத் திட்டவில்லை. என்ன கொடுத்தீர்கள், டப்பாவைக் கொண்டு வாருங்கள் என்றார். அல்ஃபால்ஃபாவைப் பார்த்ததும், இதில் எல்-கனவனின் என்று ஒரு பொருள் இருக்கிறது, லூபஸைக் கிளறிவிடும், இவர்கள் தொடவே கூடாதது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்னும் என் மணிபர்ஸில் இருக்கிறது. எக்கினேசியா என்று சளிக்கு விற்பார்களே, அதையும் சேர்த்து எழுதியிருந்தார்.

நான் சொல்ல வந்தது இதுதான் ஆசிரியர் ஐயா. இந்த நோய்க்காரர்களுக்குச் சக்தி குறைவில்லை. இடம் மாறி, அளவு மீறி வேலை செய்கிறது. தோட்ட வாசலில் சோற்றுச் சட்டியைக் கிளறுகிறவனுக்கு இன்னும் நாலு துப்பாக்கி வாங்கிக் கொடுப்பதைத்தான் அந்த மாவு டின் செய்யப் பார்க்கிறது. அது உண்மையாகவே சக்தியைக் கூட்டுகிறதா என்பது வேறு கேள்வி. கூட்டவில்லை என்றால் காசு தண்டம், கூட்டினால் அதைவிட மோசம்.

எயிட்ஸோடு போட்டுக் குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வார்டில் பார்க்க வந்த ஒருவர் என் மனைவியைத் தனியாகக் கூட்டிப் போய், “இம்யூன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி எதுவும் இல்லையே?” என்று கேட்டிருக்கிறார். எயிட்ஸ் கிருமி காவலாளியைக் கொல்வது. இங்கே காவலாளி உயிரோடு, தூங்காமல், ரொம்பவே சுறுசுறுப்பாக இருக்கிறான். இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளுக்குச் சளி, காய்ச்சல், கிருமித் தொற்று அதிகம் வருவது உண்மை. நோயும் ஒரு காரணம், கொடுக்கிற மருந்து எதிர்ப்பை வேண்டுமென்றே கீழே இறக்கி வைப்பதும் ஒரு காரணம். மச்சான்மார்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். அதற்கு வழி மாவு இல்லை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடுவது, ஃப்ளூ ஊசி மாதிரியானவற்றை டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது. உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகள் மட்டும் மருந்து சாப்பிடும் காலத்தில் பொதுவாக ஆகாது, எது எது என்று அவர்களையே கேளுங்கள்.

அப்புறம் பத்தாவாலி. எங்கள் லயத்துப் பின்பக்கம் எல்லா வீட்டு வேலியிலும் படர்ந்து கிடக்கும், இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கஷாயம் வைப்பார்கள். அதன் உறவுக் கொடிதான் தமிழ்நாட்டில் சீந்தில். கோவிட் நேரத்தில் சக்தி கூட்டச் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டுப்போனதை 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், தன்னுடல் தாக்கும் நோயின் சாயல் அவர்களிடம் தெரிந்தது என்றார்கள். இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு அதை ஏற்கவில்லை, மறுத்து அறிக்கை விட்டது. அவர்கள் சண்டையை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், என் வீட்டில் அந்தக் கொடி நுழையாது. மூட்டு வலிக்கு விற்கிற ஜாமு என்ற மூலிகை மருந்தும் அப்படித்தான். ஒரே நாளில் வலி பறந்தால் சந்தோஷப்படாதீர்கள். சுகாதார அமைச்சு பிடிக்கிற பதிவில்லாத ஜாமுக்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது அடிக்கடி வருகிற செய்தி. ஆஸ்பத்திரி ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஓடி, பெயர் தெரியாத அளவில் அதையே குடிப்பது! டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள். அது இருந்தாலும் நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை.

இது எஸ்எல்இ கதை மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற முதல் வகை இனிப்பு நீரில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை இதே காவலாளிதான் அழிக்கிறான். பிள்ளை மிட்டாய் தின்று வந்ததில்லை அது, தாயைத் திட்டாதீர்கள். என் தம்பிக்கு எழுபதுகளில் லயத்தில் தொண்டைப் புண் வந்து, ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் முட்டி முட்டியாக வலி மாறி மாறி வந்தது, ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். தொண்டையில் வந்த கிருமியின் ஒரு புரதம் இதயத்துப் புரதத்தின் ஜாடையில் இருக்கிறது. அதைப் பிடிக்கச் செய்த ஆன்டிபாடி ஜாடையைப் பார்த்து இதயத்தின் வால்வையும் பிடித்துவிட்டது. அசல் ஆள் மாறாட்டம். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில், தோட்டத்து டிரசர் தேதி தவறாமல் போட்டார். தம்பி இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டான். டிரசர் அன்றைக்குச் சக்தி டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்?

புது வைத்தியமும் அடக்குகிற பக்கம்தான் போகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், எந்த மருந்துக்கும் கேட்காத ஐந்து லூபஸ் நோயாளிகளின் சொந்த டி செல்லையே எடுத்து, மாற்றி, தப்பான ஆன்டிபாடி செய்கிற பி செல்களைத் துடைக்க அனுப்பினார்கள். ஐந்து பேரும் மருந்து இல்லாமல் நன்றாக இருக்கிறார்கள் என்று 2022-இல் எழுதினார்கள். ஐந்து பேர்தான், அதுவும் செலவு பிடித்த வைத்தியம். நம்மூருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிது இல்லை. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்று எனக்குத் தெரியும். மருத்துவப் பக்கத்தில் மட்டுமாவது அந்த டின்களைப் போடாதீர்கள், ராசிபலன் பக்கத்துக்குத் தள்ளுங்கள், அங்கே பொருத்தமாக இருக்கும். மே 10 உலக லூபஸ் தினம். அன்றைக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நிற்கிற ஒருவரைக் கேட்டு, மாத்திரையை ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று நாலு பத்தி போடுங்கள்.

மகளுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. ஸ்டீராய்டு அரை மாத்திரை அளவில் வந்து நிற்கிறது. ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறாள், சிறுநீரில் நுரை இல்லை. இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் அவள்தான், அல்ஃபால்ஃபா வருகிற இடத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தாள். என் பெயரைப் போட்டால் ஊரில் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும், போடட்டுமா என்று கேட்டேன். “போடுங்கப்பா, எனக்கு என்ன” என்றாள். அடுப்படியிலிருந்து அவள் அம்மா, “வர்ற மாசம் பொண்ணு பார்க்க வர்றாங்க” என்றாள். வருகிறவர்களிடம் நோயைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுவதாக ஏற்பாடு, அதில் மாற்றம் இல்லை. ஆனால் அவர்கள் அதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறாள், அதுவும் நியாயம்தான். ஆகவே பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்